மாலை கழுத்தில் இருக்கும்வரை

“நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்களே சொல்லுங்கம்மா” என்று டாக்டரம்மா என்னைக் கைகாட்டிவிட்டார்.

போன மழைக்காலம் அது. என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் வருஷாந்திர ஸ்கேன். ரிப்போர்ட்டைப் படித்த டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “புதுக் கல்லீரல் வாங்கி மாட்டின மாதிரி இருக்குது ஏழுமலை” என்று அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

எதிர் பெஞ்சில் ஒரு சின்னப் பெண்ணும் அவள் புருஷனும் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கண் மஞ்சளாக இருந்தது. பாதம் வீங்கிச் செருப்பில் அடங்கவில்லை. சீட்டைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. குடியை நிறுத்தினால் என்னென்ன நன்மை என்று அவர்களுக்கு நான் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

சொன்னேன். “மொதல்ல தூக்கம் வரும்மா. அடிச்சுப் போட்ட மாதிரி இல்ல, ஒழுங்கான தூக்கம். அப்புறம் பசி. கால் வீக்கம் வடியும். கை நடுக்கம் நிக்கும். மூஞ்சியில களை வரும். சட்டுனு வர்ற கோவம் வராது. மனசுல இருந்த பயம், படபடப்பு எல்லாம் போயிடும்” என்று ஒப்பித்தேன்.

அத்தனையும் சத்தியம். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை. நான் பேசி முடிக்கும்வரை என் வீட்டுக்காரர் தலைக்கு மேல் ஓடிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொடுத்து வச்சவங்கக்கா நீங்க” என்றாள் அந்தப் பெண்.

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் எங்கள் தெருக் குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன். விழுந்து விழுந்து சிரித்ததாக நாலு பேர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. வேண்டாதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

வருஷத்துக்கு ஒரு மண்டலம்

எங்கள் ஊர்க் குடிகாரர்களுக்கும் கார்த்திகை மாதத்துக்கும் ஓர் ஒப்பந்தம் உண்டு. முதல் தேதி தலைக்குக் குளித்துத் துளசிமணி மாலை போட்டுக்கொண்டால், மலைக்குப் போய்த் திரும்பும்வரை ஒரு சொட்டு தொடமாட்டார்கள். ஒயின்ஷாப் வாசலில் விழுந்து கிடந்தவரெல்லாம் கருப்பு வேட்டி கட்டிக்கொண்டு, நெற்றி நிறையச் சந்தனத்தோடு பஜனைக்குப் போவார்கள். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே விட்ட இடத்தில் தொடங்குவார்கள். கூட்டாளிகள் பாட்டிலோடு காத்திருப்பார்கள். அதற்குக் கழட்டல் பார்ட்டி என்று பெயரே வைத்திருந்தார்கள்.

ஆகவே குடியை நிறுத்தினால் வரும் நன்மை எனக்கு எந்த டாக்டரும் சொல்லித் தெரிந்ததல்ல. கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு மண்டலம், ஒரே ஒரு மண்டலம், எனக்குச் சாம்பிள் காட்டப்பட்டது.

அந்த மண்டலத்து மனிதரே வேறு. விடிவதற்கு முன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிப்பார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். மாலை போட்டவருக்கு எல்லோரும் சாமி. அவரும் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். வருஷம் முழுக்க என் அம்மாவின் நடத்தையை இழுத்துத் திட்டிய அதே வாய், “கொஞ்சம் ரசம் ஊத்துங்க சாமி” என்று என்னிடம் கேட்கும். ரசத்தை அவர் தலையில் ஊற்றலாமா என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

முதல் இரண்டு மூன்று நாள்தான் கஷ்டம். உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றும். கை கால் உதறும். சுவரில் எறும்பு சாரை சாரையாகப் போகிறது என்பார். ஒரு வருஷம் பஜனையில் அவர் உதறியதைப் பார்த்து, சாமி வந்துவிட்டது என்று இரண்டு பெண்கள் காலில் விழுந்து விபூதி வாங்கிக்கொண்டார்கள். பின்னாளில் இதைக் கேட்ட டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். “இவ்ளோ குடிக்கிறவங்க மாத்திரை இல்லாம திடீர்னு நிறுத்தினா ஃபிட்ஸ் வந்து உயிரே போயிடும்மா. நீங்க கற்பூரம் காட்டிக்கினு இருந்திருக்கீங்களே!”

பாவம், அவரால் நிறுத்த முடியவில்லை, அது ஒரு வியாதி என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் ஏராளம். வியாதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்த்திகையில் லீவு எடுத்துக்கொள்ளும் வியாதியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. சாமிக்காக முடிந்தது எனக்காக முடியவில்லை. கழுத்தில் தொங்கிய மணிக்கு இருந்த மரியாதை கழுத்தை நீட்டிய எனக்கு இல்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

குருசாமியின் பஞ்சர் கடை

பிறகு ஒரு வருஷம் ஐப்பசியில் அவருக்குக் கண் மஞ்சளானது. வயிறு பானை மாதிரி உப்பியது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள்.

“ஈரல் இன்னும் சுருங்கல. இப்ப நிறுத்தினா திரும்பிடும். மறுபடியும் தொட்டா என்கிட்ட கூட்டிக்கினு வராதீங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்றார் டாக்டரம்மா. நடுக்கத்துக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

ஒரு மண்டலம் நிற்பார். எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு? மாலையைக் கழற்றிய அன்றே அவருக்குப் பாடை கட்ட வேண்டியதுதான்.

வருஷா வருஷம் அவருக்கு மாலை போட்டுவிடும் குருசாமியிடம் நேராகப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருந்தார். டயரைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

“மாலைய கழட்டாம இருக்க ஒரு வழி சொல்லுங்க சாமி.”

“அதெப்படிம்மா? மலைக்குப் போய் வந்தா கழட்டணும். அதான் முறை.”

“முறைய பாத்தா தாலி தங்காது சாமி.”

அவர் டயரை வெளியே எடுத்து வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, “சரி, ஒண்ணு பண்ணுவோம். இந்த வாட்டி மகர ஜோதிக்கு வேணாம். பங்குனி உத்திரத்துக்குக் கூட்டிக்கினு போறேன். அதுவரைக்கும் கழுத்துல மாலை இருக்கட்டும்” என்றார். நான் ரோடு என்றும் பார்க்காமல் அவர் காலில் விழுந்தேன்.

கார்த்திகை முதல் தேதி அவர் மாலை போட்டதும், கூட்டாளிகள் கூப்பிடாமல் இருக்க அவருடைய போனையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். “எதுக்கு சாமி வம்பு, நீங்களே வச்சுக்குங்க” என்று அவரே கொடுத்துவிட்டார்.

நாடாவும் கையும்

எங்கள் வீட்டில் ஓடுவது கோர்வைத் தறி. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை ஒற்றை ஆளாக நெய்ய முடியாது. நாடா என்றால் குறுக்கு நூலை ஓட்டும் கட்டை. உடல் நூல் சுற்றிய நாடாவை அவர் தள்ள, கரை நூல் சுற்றிய நாடாவை நான் தள்ளுவேன். இரண்டு நூலும் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொக்கி போட்டுக்கொள்ள வேண்டும். நாள் முழுக்கத் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கிற வேலை. எத்தனையோ வருஷம் முந்தானையை மூக்கில் செருகிக்கொண்டு அந்த மூச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த மார்கழியில் அந்த மூச்சில் துளசி வாசம் அடித்தது. தையில் கை நடுக்கம் நின்றது. அறுந்த இழையை முடிபோட என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், கண்ணாடிகூடப் போடாமல் தானே முடிந்தார். பாதம் மரத்துப்போய் மிதிகட்டை எங்கே என்று குனிந்து பார்த்தே மிதித்தவருக்கு உணர்ச்சி திரும்பியது. சாம்பாரில் உப்பு கம்மி என்றார். என்ன போட்டாலும் விழுங்கிவிட்டுப் போனவர் உப்பு கேட்டதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

மனசும் மாறியது. வாசலில் யாராவது பலமாகப் பேசினாலே திடுக்கிட்டு எழுவது நின்றது. என்மேல் இருந்த சந்தேகம் போனது. பழைய கதைகள் சொல்லத் தொடங்கினார். கதையில் பாதி அவருடைய அண்ணனைப் பற்றித்தான் இருக்கும். பாலாற்றில் நீச்சல் கற்றுக்கொடுத்தது, வாலாஜாபாத் சந்தையில் தொலைந்துபோன இவரைத் தேடிப் பிடித்துத் தோளில் தூக்கிவந்தது. பொய் சொல்வானேன், அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். என் கல்யாண வாழ்க்கை என்று யாராவது கேட்டால் அந்த நாலைந்து மாதத்தைத்தான் சொல்வேன்.

மாசியில் வந்த போன்

ஒருநாள் காலை, அரிசி டிரம்மின் மேல் வைத்திருந்த அவர் போன் அடித்தது. நான் சமையலறையில் இருந்தேன். முந்தானைக்குக் கரை நிறமே போதும் என்பதால் அன்றைக்கு அவர் தனியாக நெய்துகொண்டிருந்தார். பெங்களூரிலிருந்து கமலாக்கா. என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்சாதி.

“சரசு, உங்க மூத்தார் போயிட்டாருமா. ரத்தமா வாந்தி எடுத்தாரு. ஏழுமலைய ஒடனே அனுப்பு.”

மூத்தாரும் அதே ஈரலால்தான் போனார். தம்பிக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த அதே மனிதர்தான் முதல் கிளாஸையும் ஊற்றிக் கொடுத்தவர்.

படிக்கிறவர்களுக்குப் புரிய ஒன்று சொல்ல வேண்டும். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு. காதில் விழுந்த நிமிஷமே மாலையைக் கழற்றிவிட வேண்டும். அந்த வருஷம் மலை ஏறக் கூடாது. இதில் குருசாமியும் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் சொந்தத்தில் சாவு வீடு என்றால் எப்படி இருக்கும் என்றும் எனக்குத் தெரியும். பாடை தூக்குகிறவர்களுக்கு ஊற்றுவார்கள். மேளக்காரர்களுக்கு ஊற்றுவார்கள். துக்கம் தாங்காதவர்களுக்குக் கேட்காமலே ஊற்றுவார்கள். அங்கே, கழுத்தில் மாலை இல்லாமல், உயிரான அண்ணனின் பிணத்துக்குப் பக்கத்தில் இவர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு நேரம் தேவைப்படவில்லை.

“அவர ஆஸ்பத்திரியில சேத்திருக்குதுக்கா. எழுந்து நிக்கக்கூட முடியல. நான் வரேன்” என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது. “யாரு சாமி போன்ல?”

“ஆற்காட்டுல எங்கக்கா. அவ மாமியாருக்கு ரொம்ப முடியலையாம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்.”

“பத்திரமா போய்ட்டு வாங்க சாமி” என்றார். தறி மறுபடி ஓடியது.

தீட்டுக் கை

பெங்களூர் போய் மூத்தார் காலடியில் பூமாலை வைத்தேன். அவர் மகன்கள் கொள்ளி வைத்தார்கள். கமலாக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி வந்தானா, தம்பி வந்தானான்னு கேட்டுக்கினே இருந்தாருமா. கடைசியில என் முகத்தப் பாத்து சின்னவனேன்னு கூப்பிட்டாரு” என்று அழுதாள். நானும் அழுதேன். அங்கே நான் அழுதது நடிப்பில்லை.

திரும்பும் வழியில் ஆற்காட்டில் இறங்கி, அக்கா வீட்டில் தலைமுழுகினேன். காஞ்சிபுரத்தில் எங்களுக்கு வேறு பங்காளி வீடு கிடையாது. விஷயம் என்னைத் தாண்டிப் போகவில்லை. தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை, அவர் உடம்பு தாங்காது என்று கமலாக்காவிடம் மட்டும் போனில் சொல்லிவைத்தேன்.

வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். மாலை போட்ட சாமிக்குத் தீட்டுக் கையால் சோறு போட்டேன். விளக்கேற்றினேன். மாதவிலக்கு நாளில் பூஜைப் பாத்திரத்தின் பக்கம்கூடப் போகாமல் வளர்ந்தவள் நான். கண்ணைக் குத்துவதென்றால் சாமி என் கண்ணைக் குத்தட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் தட்டில் கை கழுவப் போகும்போது, “ஆற்காட்டு அம்மா எப்படி இருக்காங்க சாமி?” என்று விசாரித்தார். தேவலாம் என்றேன்.

பங்குனி உத்திரத்துக்கு இருமுடி கட்டினார்கள். நெய்த் தேங்காயில் நெய் ஊற்ற என்னையும் கூப்பிட்டார்கள். ஊற்றினேன்.

முதல் போன்

மலையிலிருந்து வந்தார். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் ஒழுங்குக்கு வந்திருந்தது. டாக்டரம்மா கைதட்டாத குறை. மறுநாள் காலை குருசாமி தேங்காய் உடைத்து மாலையைக் கழற்றினார். கழுத்தில் மாலை இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

தெருமுனையில் கூட்டாளிகள் பைக்கில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். நான் இரண்டு வீடு பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தேன். அவர் அவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

“காப்பி போடு சரசு” என்றார். சாமி இல்லை, சரசு. மாலை இல்லாமல், பாட்டில் இல்லாமல் அவர் என் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுப்படியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூத்தார் விஷயத்தை மத்தியானம் சாப்பிட்ட பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்றிருந்தேன்.

அவர் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். “என் போன் எங்க? மொதல்ல அண்ணனுக்குச் சொல்லணும். நானே நிறுத்திட்டேன், உனக்கு இன்னாடா கேடுன்னு கேக்கணும். அடுத்த கார்த்திகைக்கு அவனையும் மாலை போட வைக்கணும்.”

போன் அரிசி டிரம்மின் மேலேயே இருந்தது. நான் திரும்புவதற்குள் அவரே வந்து எடுத்துவிட்டார். கை ஈரத்தோடு ஓடினேன். அதற்குள் ஸ்பீக்கரில் கமலாக்கா குரல்.

“அண்ணி, அண்ணன்கிட்ட குடுங்க” என்றார் இவர்.

“ஏழுமலை… உனக்கு இன்னுமா சொல்லல?” என்றாள்.

போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “எப்ப?”

“மாசியில.”

“அப்ப நீ ஆற்காட்டுக்குப் போனது…”

நான் தலையாட்டினேன்.

“செத்த தீட்டோட என்ன பதினெட்டாம் படி ஏற வச்சிருக்க. அங்க நின்னு நான் எனக்கு ஒண்ணும் கேக்கலடி. அவனுக்குத்தான் வேண்டிக்கினேன். அவன் குடிய நிறுத்தி அவன் உயிர குடுன்னு கேட்டேன். செத்தவனுக்கு.”

“சொல்லியிருந்தா நீங்களும் போயிருப்பீங்க” என்றேன். வேறென்ன சொல்வது? அதுதான் உண்மை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். எங்கே போவார் என்று எனக்குத் தெரியாதா? வாசற்படியில் உட்கார்ந்து, அத்தனை மாதப் பாடும் போச்சே என்று மாரில் அடித்துக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரம் திரும்பி வந்தார். மொட்டைத் தலை. ஈர வேட்டி. செவிலிமேட்டுப் பக்கம் யாருடைய பம்ப்செட்டிலோ தலைமுழுகியிருக்கிறார். நான் வெட்கத்தை விட்டுக் கிட்டே போய் அவர் வாயை மோந்து பார்த்தேன். வெறும் வாய். அவரும் நான் மோந்து முடிக்கும்வரை நின்றார்.

“பாத்துட்டியா? போதுமா?” என்றார்.

இப்போது

அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை. மாலையும் போடவில்லை. கல்யாணம் காட்சி என்று எங்கே போனாலும் பச்சைத் தண்ணீர்தான். தெருவில் இரண்டு பேரை நிறுத்த வைத்திருக்கிறார். அவர்களோடு மணிக்கணக்கில் பேசுகிறார். என்னோடு பேசுவதில்லை. இழை அறுந்தால் “இழை” என்பார். சோறு வேண்டுமென்றால் தட்டை எடுத்து வைப்பார். தோளோடு தோள் உட்கார்ந்துதான் இன்றும் நெய்கிறோம். அதற்குப் பேச்சு தேவையில்லை. எங்கள் சேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

குடித்த காலத்தில் ராத்திரி வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டு, காலையில் “இன்னா டிபன்?” என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பார். அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. எனக்கு ஒன்றும் மறக்காது. இப்போது அவருக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது. நான் செய்தது ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. ஒரு நாளாவது காலையில் மறந்துபோய் “இன்னா டிபன்?” என்று கேட்டுவிட மாட்டாரா என்று தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன். இந்தப் பக்கத்தையும் அவர் படிப்பார். படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார்.

ஆஸ்பத்திரிக் கதைக்கே வருகிறேன். டாக்டரம்மா அறையிலிருந்து நாங்கள் வெளியே வந்ததும் அந்தச் சின்னப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். குரலைத் தாழ்த்தி, “எப்படிக்கா நிறுத்த வச்சீங்க? எனக்கும் சொல்லுங்கக்கா, நான் இன்னா வேணா பண்றேன்” என்றாள்.

“இன்னா வேணா பண்ணுவியா?”

“பண்ணுவேன்க்கா.”

“ஆளு உயிரோட இருக்கணுமா, உன்கிட்ட பாசமா இருக்கணுமா? ஒண்ணுதான் கிடைக்கும்னா எது கேப்ப?”

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். “உயிரு போதும்க்கா. வேற ஒண்ணுமே வேணாம்” என்றாள், யோசிக்காமல்.

நானும் அதைத்தான் கேட்டேன். யோசிக்காமல்தான் கேட்டேன். ஆஸ்பத்திரி வாசலில், வீக்கமில்லாத காலை வீசிப் போட்டு, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்காமல் அவர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோய்க்கொண்டிருந்தார்.